எந்த 'ஓரிரு இடங்கள்'?

ஆசிரியர் அவர்களுக்கு,

'வேலூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும்' என்று கோடை முழுக்கப் படிக்கிறோம். சத்துவாச்சாரியில் கொட்டித் தீர்க்கும் மழை காட்பாடியில் புழுதியைக்கூட நனைக்காமல் போகிற ஊர் இது. எந்த ஓரிரு இடங்கள்?

2024 செப்டம்பரில் வானிலைக் கணிப்புக்காகப் புனேக்கு அர்கா, நொய்டாவுக்கு அருணிகா என்ற சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்தன. கணினி நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு கணிப்பு தருகிறது; 2025 மே முதல் அந்தக் கட்டத்தின் பக்கம் 12 கி.மீ.யிலிருந்து 6 கி.மீ.யாகச் சுருங்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒரு கட்டமே 36 சதுர கி.மீ.; நம் மாநகராட்சி முழுவதும் இரண்டரைக் கட்டத்தில் முடிந்துவிடும். மலையடிவாரமும் பாலாற்று மணலும் ஒரே சராசரி. கோடை இடிமேகத்தின் அகலம் ஐந்து, பத்து கி.மீ. அதன் உருவம் பிடிபட ஆறேழு கட்டங்களாவது குறுக்கே விழ வேண்டும். ஆகவே 1 கி.மீ. கட்டம் தேவை.

அதற்குக் கணினி போதாது என்பது பாதி உண்மை. உலகம் முழுவதற்கும் என்றால் கட்டங்கள் 36 மடங்கு, கணக்கிடும் கால இடைவெளி ஆறில் ஒன்றாவதால் இன்னும் 6 மடங்கு, ஆக 216 மடங்கு வேலை. வேலூரைச் சுற்றி நூற்றுக்கு நூறு கி.மீ. மட்டும் என்றால் 10,000 கட்டங்கள்தான். உலகக் கணிப்பிலோ சுமார் ஒரு கோடி. கால இடைவெளியை ஆறில் ஒன்றாகக் குறைத்தாலும் அதில் நூறில் ஒரு பங்கு வேலை ஆகாது.

குறை, கணினிக்குத் தரையிலிருந்து கிடைக்கும் அளவுகளில் இருக்கிறது. சுமார் 125 கி.மீ. தள்ளியுள்ள சென்னை வானிலை ரேடாரின் கதிர், அரை டிகிரி சாய்விலும் பூமியின் வளைவாலும், வேலூருக்கு மேல் 2 கி.மீ. உயரத்தில் போகிறது. மேகத்தின் அடிப்பகுதி அதற்குத் தெரியாது. தினசரி அறிக்கையின் மழையளவோ காலை 8.30க்கு ஒருமுறை, நேற்று மாலை பெய்தது இன்றைய கணக்கில் ஏறும். 60 மி.மீ. ஒரு மணி நேரத்தில் கொட்டியதா, இரவெல்லாம் தூறியதா என்று அதில் தெரியாது. சாக்கடை நிரம்புவதோ அந்த ஒரு மணி நேரத்தில். கணினிக்குக் கொடுக்கும் நிலப்பயன்பாட்டு வரைபடம் பழையதென்றால் புதிய குடியிருப்புகள் வயலாகவே பதிவாகி, இரவு வெப்பம் குறைத்துக் கணிக்கப்படும்.

மாநகராட்சியின் நான்கு மண்டலங்களிலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்பும் தானியங்கி மழைமானிகள் முதலில் வேண்டும். மொட்டை மாடியில் வேண்டாம். காற்று துளிகளைத் தள்ளிவிடும். பக்கத்துச் சுவர், மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்காவது விலகித் தரையில் நிற்க வேண்டும். உள்ளே சாய்ந்து சாய்ந்து அளக்கும் கிண்ணம், பெருமழையில் சாயும் நொடியில் விழும் நீரை எண்ணாது. அளவு குறைவாகவே வரும். அதைத் திருத்தலாம். புனலை வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால் திருத்த வழியில்லை. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஆள் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

நீரியல் பொறியாளர்கள் சிலர்,
வேலூர்.