ஆகஸ்ட் லீவுக்கு நீங்களும் வாருங்கள்

அன்பின் எஸ்தருக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் உனக்கும் அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம். இங்கே தேவ கிருபையால் எல்லோரும் சுகம். அம்மாவுக்குத்தான் இந்த மழைக்கு மூச்சு இழுத்தது. ஜெபித்தோம், மருந்தும் எடுத்தோம், இப்போது எழுந்து நடமாடுகிறார். சபைக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாகிவிட்டது. இனி ஆராதனை நடுவில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒழுகாத பக்கம் தேட வேண்டியதில்லை. மூத்தவன் கீபோர்ட் பழகுகிறான்.

உன் கடிதத்தை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் எங்கேயாவது கூட்டிப் போகச் சொல்கிறார்கள், கையில் காசில்லை, அண்ணனோ சுற்றுலா எல்லாம் உலகத்தாருக்கு, நமக்குச் சபைக் கன்வென்ஷன் கூட்டம் போதும் என்கிறார் என்று எழுதியிருந்தாய். அண்ணன் யோசிக்காமல் பேசுகிற ஆள் இல்லை. காணிக்கைக்கு வைத்த காசை வேறு எதற்கும் தொடாத மனுஷன். அதனால்தான் அவரோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லி இதை எழுதுகிறேன்.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எடு. யோசேப்பும் மரியாளும் பிள்ளையை ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது செலுத்தியது பறவைகளைத்தான். லேவியராகமம் 12இல் பார்த்தால், ஆட்டுக்குட்டி கொடுக்கச் சக்தியில்லாதவர்களுக்குச் சொல்லப்பட்ட பலி அது. அப்படிப்பட்ட குடும்பம் வருஷந்தோறும் பஸ்காவுக்கு நாசரேத்திலிருந்து எருசலேமுக்குப் போய் வந்தது. நடந்தால் நாள்கணக்கில் ஆகும் தூரம். தச்சு வேலை செய்கிறவருக்கு வழியில் கழிந்த நாளுக்குக் கூலி ஏது? திரும்பும் வழியில் பன்னிரண்டு வயது இயேசு கூட வராததை அவர்கள் ஒரு நாள் பயணம் வரைக்கும் கவனிக்கவில்லையே, ஏன்? உறவினர், அறிமுகமானவர் கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்தார்கள். அவ்வளவு பேர் சேர்ந்து போயிருக்கிறார்கள், பிள்ளைகளை அவ்வளவு நம்பி ஒருவரிடம் ஒருவர் விட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. உபாகமம் 16இலும் பண்டிகையில் மகனும் மகளும் வேலைக்காரரும் கூடச் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் இருக்கிறது. பண்டிகையும் சுற்றுலாவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலையை நிறுத்தி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, விசுவாசிகளோடு சேர்ந்து வழிபோவது தேவனுக்குப் பிரியமில்லாத காரியம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சரி, காசு. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, அதாவது அந்த நாளின் கூலி இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு வழிச் செலவு மட்டும்தான், நமக்கு அதோடு அந்த நாட்களின் பேரும் போகும். இதை நான் லேசாகப் பேசமாட்டேன். நாங்கள் செய்வது இதுதான்: கொழுந்து நிறைய வரும் மாதங்களில் கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் காசில் தசமபாகத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் கொஞ்சம் பால்மா டின்னில் போடுவோம். அந்த டின்னை யாரும் தொடுவதில்லை, கடைக்காரருக்குக் கடன் இருந்தாலும்கூட.

ஏப்ரலில் நாங்கள் எங்கும் போவதில்லை. நுவரெலியா சீசனில் தங்குகிற இடமும் சாப்பாடும் நாம் கிட்டப் போக முடியாத விலை. ஆகஸ்ட்தான் நமக்கு. அட்டன் பக்கமும் உங்கள் புசல்லாவைப் பக்கமும் தென்மேற்குக் காற்றில் மழை விடாமல் கொட்டும்போது பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் வெயில் காயும், கிழக்கில் கடல் அடங்கி இருக்கும். போன ஆகஸ்டில் நாங்கள் அட்டனில் மூன்றாம் வகுப்பு ரயில் ஏறிப் பதுளைக்குப் போனோம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரை டிக்கட். ரொட்டியும் கட்டச் சம்பலும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனோம், தேத்தண்ணிக்குக்கூடக் கடை ஏறவில்லை. பட்டிப்பொல 1,898 மீட்டர், நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் என்று மூத்தவன் பலகையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தான். அதைத் தாண்டி ஒரு சுரங்கம் வரும். இந்தப் பக்கம் மழையும் பனிமூட்டமும், அந்தப் பக்கம் போனால் வெயில். சின்னவள் கை தட்டினாள். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தின் மேலே போனதையும், தெமோதரையில் பாதை சுற்றி வந்து ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைந்ததையும் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள்.

பதுளையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ். உன் வீட்டு முன்னால் ஓடுகிறதே ஏ5 வீதி, அதுதான் நுவரெலியா, பதுளை, பிபிலை என்று போய்ச் செங்கலடியில் முடிகிறது. மட்டக்களப்பில் ஒரு விசுவாசக் குடும்பத்தில் தங்கினோம். கன்வென்ஷனில் பழக்கமானவர்கள். அவர்கள் பிள்ளைகள் ஏப்ரல் லீவுக்குக் குளிர் பார்க்க எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார்கள், எங்களிடம் இருந்த போர்வை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு படுத்தார்கள். ஆகஸ்டில் எங்கள் முறை. வெறுங்கையோடு போகவில்லை. கேரட், லீக்ஸ், கோவா, தேயிலைத் தூள் எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு போனோம். அந்த அக்கா மீன் குழம்பும் கட்டித் தயிருமாகப் போட்டுத் திணறடித்துவிட்டார். தங்குவதற்கு ஒரு சதம் செலவில்லை. சமையலில் கூட நின்றேன், பாத்திரம் கழுவினேன், அது போதும்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். வீட்டில் குடும்ப ஜெபம் ஒரு நாளும் விடுவதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கி வந்த உடம்பு. இவர் ஜெபிக்கும்போது பிள்ளைகள் தூங்கி விழுவார்கள், நானும்தான். கல்லடிக் கடற்கரையில் ஒரு சாயங்காலம் இவர் மூத்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தன் சாட்சியை முழுதாகச் சொன்னார். சபையில் சொல்லும்போது "குடியிலிருந்து கர்த்தர் விடுவித்தார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அன்று எல்லாம் சொன்னார். சம்பள நாளில் எங்கே போய் விழுந்து கிடந்தார், என் அப்பா வந்து என்னைக் கூட்டிப் போகப் பார்த்தது, முழு இரவு ஜெபத்தில் பாஸ்டர் ஐயா கை வைத்து ஜெபித்தது, ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த காலையில் தண்ணீர் எப்படிக் குளிர்ந்தது, எல்லாம். அவன் இந்த வயதில் கூட்டாளிமாரோடு எங்கே நிற்கிறான் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அவன் கேள்வி கேட்டான், எஸ்தர். அப்பாவிடம் கேள்வி கேட்டான். வீட்டுக்கு வந்த பிறகும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். இதற்காக எத்தனை நாள் பேர் போனாலும் எனக்குக் கவலையில்லை.

ஞாயிற்றுக்கிழமையை வழியில் விட்டுவிடக் கூடாது என்று முதலிலேயே கணக்குப் பண்ணி, அந்த வீட்டாரின் சபைக்குப் போனோம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்ததே, அதே ஊர். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் அதில் இறந்துபோனார்கள். அந்த ஊரில் என் பிள்ளைகள் ஞாயிறு பாடசாலை வாங்கில் உட்கார்ந்து பாடியபோது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அவர்களுக்காக மலையகத்தில் ஜெபிக்கிறோம் என்று சொல்லும் தருணமும் கிடைத்தது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனுக்கு இதை வாசித்துக் காட்டு. உடனே முடிவு சொல்ல வேண்டாம், ஜெபித்துச் சொல்லட்டும். நீங்கள் நுவரெலியா வந்து நானுஓயாவில் ஏறினால், நாங்கள் அட்டனில் ஏறி உங்களுக்கு இடம் பிடித்து வைப்போம். பிள்ளைகளை ஒன்றாக விட்டுவிடலாம். இரண்டு குடும்பம் என்றால் அந்த அக்கா வீடு கொள்ளாது, அதனால் அவர்கள் சபை மண்டபத்தில் ஆண்கள் படுக்கலாமா என்று இவர் போன் பண்ணிக் கேட்கிறார். நீ இப்போதே ஒரு டின் எடுத்து வை, எவ்வளவு சின்னத் தொகையானாலும் போடு. குறைகிறதை நாம் பேசிக்கொள்ளலாம்.

போன முறை கொடுத்த போஞ்சி விதை நன்றாகக் காய்த்தது. இன்னும் இருந்தால் இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் கொஞ்சம் கொடுத்தனுப்பு, அம்மா கேட்கிறார்.

கிறிஸ்துவுக்குள் உன் அன்பு,
ரெபேக்கா