நீச்சல் சேரைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களே,

பிள்ளைகள் ‘நீச்சல் சேர்’ என்று அழைக்கும் எங்கள் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் சென்ற மாதம் காலமான செய்தி உங்களுக்குத் தெரியும். செத்த வீட்டுக்கு உங்களில் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். அங்கே பலர் என்னிடம் கேட்டவை இரண்டு கேள்விகள்தான். சேர் உண்மையிலேயே நேவியில் இருந்தவரா? அவர் நடத்திவந்த சனிக்கிழமை நீச்சல் வகுப்பு இனியும் நடக்குமா? இரண்டுக்கும் பதில் ஆம். முதலாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அது தெரிந்தால்தான் வகுப்பில் நாங்கள் ஏன் இத்தனை கெடுபிடி செய்கிறோம் என்பது விளங்கும்.

சேர் திருகோணமலையில் பிறந்தவர். 1957இல் பிரித்தானியர் அந்தக் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவர் பள்ளிக்கூடப் பையன். 1961இல் கடற்படையில் சேர்ந்தார். அப்போது தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர். 1960 முதல் 1970 வரை அந்தப் பதவியில் இருந்தார். இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், புத்தகத்தை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. சேர் வேலை செய்தது ‘கஜபாகு’ கப்பலில். கனடாவில் கட்டி, இஸ்ரேல் பாவித்து, 1959இல் எங்களுக்கு வந்து சேர்ந்த கப்பல் அது. “மூன்றாம் கை வாகனம், ஆனால் மெக்கானிக் நல்லவன்” என்று சேர் சிரிப்பார். 1972இல் ‘ரோயல் சிலோன் நேவி’யின் பெயர் ‘இலங்கைக் கடற்படை’ என்று மாறியது. சேர் அந்த ஆண்டே விலகி, பலாலி ஆசிரியர் கலாசாலையில் பயின்று, பிறகு கொழும்புக்கு வந்தார்.

கடற்படை என்றால் நம்மில் பலருக்கு வேறு நினைவுகள் வரும். சேருக்கும் அது தெரியும். சீருடையில் எடுத்த படத்தை அவர் வீட்டுச் சுவரில் மாட்டியதில்லை. 83 ஆடிக் கலவரத்தில் அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளோடு அகதி முகாமில் இருந்துவிட்டு, மற்றவர்களைப் போலவே காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறினார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். சாதாரண தர வகுப்புக்குத் திரிகோண கணிதம் பாதியில் நிற்கிறதே என்றார். பகிடியா, உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவருடைய திரிகோண கணிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திசைகோள், அதாவது ஒரு பொருள் வடக்கிலிருந்து எத்தனை பாகையில் இருக்கிறது என்ற பாடம் வந்தால் வகுப்பைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் ஒரு கப்பலைக் காட்டி, திடலின் இரண்டு அந்தங்களிலும் பிள்ளைகளை நிறுத்தி, திசைகாட்டியால் அதன் திசைகோளை எடுக்கச் சொல்வார். நடுவிலுள்ள தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும். பிறகு புல்லில் இருந்தே அளவிடைப் படம் கீறினால் கப்பல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று வந்துவிடும். விடை கிட்ட வந்தவருக்கு ஒரு இறால் வடை. அப்புறம் அடிவானம். கண் மட்டம் கடலிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருந்தால் அடிவானம் ஏறத்தாழ 4.4 கிலோமீற்றர்தான் என்பதைப் பைதகரஸ் தேற்றத்தால் அங்கேயே செய்து காட்டுவார். இவ்வளவு கிட்டவா என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். நானும்தான். நான் படித்தது உயிரியல்.

நேவிக்காரர் என்றதும் சில பெற்றோர் வேறு ஒன்றை எதிர்பார்த்து வந்தார்கள். “சேர், நல்லா ரெண்டு போட்டுத் திருத்துங்கோ” என்று பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்தவர்கள் உண்டு. அவர் பிரம்பைத் தொட்டதே இல்லை. கடலில் தான் படித்தது அடிக்க அல்ல, எண்ண என்பார். அதை அவர் எப்படிச் செய்தார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்களுக்கென்று தடாகம் இல்லை, வாடகைத் தடாகம்தான். வாசலில் சேர் ஒரு பலகையைத் தொங்கவிடுவார். அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் இலக்கமிட்ட ஒரு வட்டத் தகடு. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. தண்ணீரில் இறங்கும் பிள்ளை தன் தகட்டைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும், ஏறியதும் வெள்ளைக்கு. கப்பலில் இருந்து கரைக்கு இறங்குபவர்களைக் கணக்கு வைக்கும் முறையில் இருந்து எடுத்தது. தண்ணீரில் ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி. விசில் இரண்டு முறை ஊதினால் சோடியின் கையைப் பிடித்து மேலே தூக்கிக் காட்ட வேண்டும். மூழ்கும் பிள்ளை கத்தாது, கத்துவதற்கு மூச்சு வேண்டும், ஆகவே சத்தத்தை நம்பாமல் தலையை எண்ணு என்பது உதவி ஆசிரியர்களுக்கு அவர் சொன்ன பாடம்.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் ஒரு தகடு சிவப்பாகவே இருந்தது. சேர் யாரையும் உடுப்பு மாற்ற விடவில்லை. எல்லோரையும் சுவரோரம் இருத்திவிட்டு, அறுபதைக் கடந்த மனிதர், சட்டையோடு குதித்துத் தடாகத்தின் அடியை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை தேடினார். பையன் கன்டீனில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பல பிள்ளைகளுக்கு ரியூஷன் தவறிப்போக, ஒரு தந்தை என் அலுவலகத்துக்கு வந்து கோபப்பட்டார். சேர் அவரிடம் பணிவாக மன்னிப்புக் கேட்டார். அடுத்த கிழமையும் தகடு வெள்ளையாகும் வரை ஒருவரையும் விடவில்லை.

பாக்கு நீரிணையை 1954இல் நீந்திக் கடந்த நவரத்தினசாமியையும், 1971இல் போய்த் திரும்பிய வல்வெட்டித்துறை ஆனந்தனையும் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் சொல்வார். சொல்லி முடித்ததும், கூடவே படகில் போனவர்களின் பெயர் யாருக்காவது தெரியுமா என்று கேட்பார். ஒருவருக்கும் தெரியாது. அந்தப் படகில் இருப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை என்பார்.

பெண் பிள்ளைகள் பெரியவர்களானதும் நீச்சலை நிறுத்திவிடுவது நம்மிடம் வழமை. இதற்காக அவர் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வீடு வீடாகப் போனார். முழுக்கை நீச்சல் உடை, பெண் ஆசிரியை ஒருவர், தனி நேரம் என்று ஒவ்வொரு தாயும் கேட்டதை எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். நாங்கள் செய்துகொடுத்தோம். பள்ளிக்கூடத்தில் நடந்த நல்ல காரியங்களில் இதையே நான் முதலில் வைப்பேன், போட்டிக் கிண்ணங்களை அல்ல.

இனி நடைமுறை விஷயங்கள். சேரிடம் படித்து இப்போது எங்களிடமே ஆசிரியையாக இருப்பவர் வகுப்பைப் பொறுப்பெடுக்கிறார். பலகையும் அவரிடம்தான். சனிக்கிழமை ரியூஷன் இருந்தால் அதை அரை மணித்தியாலம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். எண்ணி முடியாமல் பிள்ளையை விட மாட்டோம்.

வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பினால் புரட்டாதி வரை வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கரை நல்லதல்ல. ரயில் பாதையைத் தாண்டிக் கடலில் குளிக்க எந்தப் பிள்ளையையும் விட வேண்டாம், எங்களிடம் நீந்தப் படித்த பிள்ளையானாலும் சரி. நீரோட்டம் வெளியே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்ட வேண்டும், முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். வகுப்பில் சொல்லித்தருகிறோம், வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தரம் 6 பெற்றோர் இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும். வலிப்பு, ஆஸ்துமா, காதில் சீழ் வடிதல் இருந்தால் தயவுசெய்து மறைக்காமல் எழுதுங்கள். அதற்காகப் பிள்ளையை விலக்க மாட்டோம், கரைக்குக் கிட்ட வைத்துக்கொள்வோம். கட்டணம் கூடவில்லை. கட்ட முடியாதவர்கள் படிவத்தில் எதுவும் எழுத வேண்டாம், நேரே என்னிடம் வந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
அதிபர்