எப்பத்தாவை விட்டுவிடச் சொல்லாதே

அன்பு மகளே,

பாப்பாவுக்குக் காது கேட்கிறதா என்று பார்த்த பெரா டெஸ்ட் ரிப்போர்ட்டை நீ அனுப்பியதிலிருந்து அப்பா அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறார். இரண்டு காதும் கேட்கவில்லை என்பது எங்களுக்கும் புரிந்துவிட்டது. அழுது தீர்த்தாயிற்று. இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம்.

போனில் ஒன்று கேட்டாய். ஞானஸ்நானத்தில் ஃபாதர் பிள்ளையின் காதையும் வாயையும் தொட்டு, ‘திறக்கப்படு’ என்று பொருள்படும் எப்பத்தா செபம் சொல்வாரே, அதை மட்டும் விட்டுவிடச் சொல்லலாமா என்று. அந்த நேரம் எல்லாரும் நம்மையே பார்ப்பார்கள் என்றாய். கட்டாயச் சடங்கு இல்லைதான்; கேட்டால் ஃபாதர் மறுக்கமாட்டார். ஆனால் எனக்கு அதை விட மனம் வரவில்லை.

காது கேளாதவரைக் கேட்கவும் பேசாதவரைப் பேசவும் வைத்த ஆண்டவர், விரைவில் உன் காது அவர் வார்த்தையைக் கேட்கவும் உன் வாய் விசுவாசத்தை அறிக்கையிடவும் செய்வாராக என்பதுதான் அந்தச் செபம். அன்றைக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே எத்தனை கைக்குழந்தைகள் இருந்தாலும், எந்தப் பிள்ளைக்கு வசனம் புரியப்போகிறது? எது வாய் திறந்து விசுவாசப் பிரமாணம் சொல்லப்போகிறது? “பசாசை விட்டுவிடுகிறீர்களா?” என்று கேட்டால் “விட்டுவிடுகிறோம்” என்று சொல்வது பெற்றோரும் ஞானப்பெற்றோரும்தான். அந்த இடத்தில் நம் பாப்பா யாருக்கும் குறைந்தவள் இல்லை.

மாற்கு நற்செய்தியில் ஏழாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்துப் படி. ஆண்டவர் காது கேளாத ஒரு மனிதனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். காதுகளில் விரலை வைக்கிறார். உமிழ்நீரால் நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். இவ்வளவும் ஆன பிறகுதான் ‘எப்பத்தா’ என்கிறார். எடுத்த எடுப்பில் பேசியிருந்தால் அவனுக்கு என்ன கேட்டிருக்கும்? கையாலும் முகத்தாலும் அவனோடு பேசிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே படகில் வைத்துச் சீடர்களைப் பார்த்து, காதிருந்தும் நீங்கள் கேட்பதில்லையா என்று கடிந்துகொள்கிறார். அவர்கள் காதில் ஒரு குறையும் இல்லை!

உன் வீட்டுக்கு வந்து, “உங்களுக்கு விசுவாசம் போதாது, குணமளிக்கும் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்” என்று சொன்னவரை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக வருகிறது. மாற்கில் வரும் அந்த மனிதனிடமோ அவனைக் கூட்டிவந்தவர்களிடமோ உங்களுக்கு விசுவாசம் இருக்கிறதா என்று ஆண்டவர் கேட்கவே இல்லையே. இவர் யார் கேட்க? செபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குக் காது கேட்க வேண்டும் என்று வெட்கமில்லாமல் கேட்டுத்தான் தினமும் செபமாலை சொல்கிறேன். ஆனால் டாக்டர் கொடுத்த தேதியைத் தள்ளிப்போடாதே. ஆபரேஷன் செய்து காதுக்குள் வைக்கிற காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவியை எவ்வளவு சின்ன வயதில் வைக்கிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு நன்றாக வரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு அது உண்டு. நமக்குப் பொருந்துமா என்று ஆஸ்பத்திரியிலேயே கேள். அப்புறம் ஸ்பீச் தெரபி இருக்கிறது. அது வருடக்கணக்கில் ஓடும், மனதைத் தயார் செய்துகொள்.

அதோடு நீங்கள் இருவரும் சைகை மொழியும் படியுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் பாரிசில் லெப்பே என்று ஒரு குரு இருந்தார். காது கேளாத இரண்டு சகோதரிகள் மறைக்கல்வியே இல்லாமல் வளர்வதைப் பார்த்துத்தான் அவர் சைகையால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதிலிருந்து ஒரு பள்ளிக்கூடமே உண்டானது. கையால் சொன்னாலும் விசுவாசப் பிரமாணம் விசுவாசப் பிரமாணம்தான்.

ஞானத்தாயாக இருக்க உன் சின்ன நாத்தனாரைக் கேள். அந்தப் பெண் பொறுமைசாலி, சைகையும் சீக்கிரம் படித்துக்கொள்வாள். ஃபாதரிடம் பேசிவிட்டுத் தேதியைச் சொல். ரயில் டிக்கெட் போட வேண்டும் என்று அப்பா என்னைப் பிடுங்கி எடுக்கிறார்.

அன்புடன்,
அம்மா