தலைமடையிலிருந்து கடைமடை வரை: ஒன்பதாம் வகுப்புக் கல்விப் பயணம் குறித்துப் பெற்றோர்களுக்கு

அன்புடைய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பொங்கல் விடுமுறைக்குப் பின், ஜனவரி 22 வியாழக்கிழமை முதல் 25 ஞாயிற்றுக்கிழமை வரை, காவிரி டெல்டாவுக்குக் கல்விப் பயணமாக அழைத்துச் செல்ல இருக்கிறோம். எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்பதை நீங்கள் தெளிவாக அறிந்த பிறகே ஒப்புதல் தர வேண்டும் என்று விரும்புவதால், இந்தக் கடிதம் சற்று நீளமாக இருக்கும். பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில், ஒகேனக்கல் இருக்கும் மாவட்டத்தில் நாம் வாழ்கிறோம். ஆனால் நம் காடுகளில் விளைவது பெரும்பாலும் கேழ்வரகும் சாமையும்தான். நம் பிள்ளைகளில் பலர் அருவியில் குளித்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் மேட்டூரைத் தாண்டி எங்கே போகிறது, யாருடைய வயலில் நிற்கிறது, எங்கே கடலைச் சேர்கிறது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சென்ற பருவத்தில் ஒரு வகுப்பில், ரேஷன் கடையில் வாங்கும் அரிசி எந்த மாவட்டத்தில் விளைந்திருக்கும் என்று கேட்டபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. இந்தப் பயணத்தைத் திட்டமிடும் எண்ணம் அன்றைக்குத்தான் எனக்கு உறுதியானது.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் இரண்டே நாளில் பதினோரு இடங்களைச் சுற்றிக் காட்டினோம். திரும்பி வந்ததும் எழுதச் சொன்ன கட்டுரைகளில் பாதிப் பிள்ளைகள் ஒரு கோயிலை இன்னொரு கோயிலோடு குழப்பியிருந்தார்கள். அது பிள்ளைகளின் பிழையாகாது, திட்டமிட்ட எங்களுடைய பிழை. ஆகவே இம்முறை இடங்களைக் குறைத்து, ஆற்று நீர் போகும் வழியிலேயே நாமும் போவதென்று முடிவு செய்தோம். தலைமடையில் தொடங்கிக் கடைமடையில், கடலோரத்தில் பயணம் முடியும்.

வியாழன் அதிகாலை ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்பட்டு, பிற்பகலில் கல்லணையை அடைவோம். கரிகாலன் கட்டியது என்று காலங்காலமாகச் சொல்லப்படும் இந்த அணையின் மேல் நின்றால், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரிந்து போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொள்ளிடம் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு போகும் வடிகால். மற்ற மூன்றும் வயல்களுக்குப் பாசனம் தருபவை. மணல் மீது, சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், பெருங்கற்களை அவற்றின் எடையாலேயே அமிழவிட்டு அடித்தளம் போட்ட முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஆராய்ந்து வியந்தார். இங்கே கற்றதைப் பின்னர் கோதாவரியில் அணை கட்டும்போது பயன்படுத்தினார். நாம் போகும் நேரத்தில் ஆற்றில் எவ்வளவு நீர் ஓடும் என்பது மேட்டூர் அணையைப் பொறுத்தது. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படும் அணை அது. அந்த இரண்டு தேதிகளுக்கு இடையில்தான் டெல்டா விவசாயியின் ஆண்டு அடங்கியிருக்கிறது. அன்று இரவும் மறுநாள் இரவும் தஞ்சாவூரில் தங்குவோம்.

வெள்ளிக்கிழமை காலை முழுவதையும் பெரிய கோயிலுக்கு ஒதுக்கியிருக்கிறோம். முதலாம் இராசராசன் 1010 ஆம் ஆண்டில் நிறைவு செய்த அந்தக் கோயிலின் விமான உயரத்தைப் பிள்ளைகள் பாடநூலிலேயே படித்துவிட்டார்கள். அங்கே அவர்கள் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது சுவர்க் கல்வெட்டுகளை. கோயில் பணிக்காக நானூறு ஆடல் மகளிரை இராசராசன் குடியமர்த்தினான்; ஒவ்வொருவரின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தத் தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்களுக்கான சம்பளம் ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதை அளக்க வேண்டிய மரக்காலின் பெயரைக்கூட ஆடவல்லான் என்று கல்வெட்டு குறிப்பிடுகிறது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அரசு தன் கணக்கை நெல்லில்தான் எழுதியது என்பதையும், வயலில் நெல் மிகுந்ததால்தான் அந்தக் கல்மலை எழுந்தது என்பதையும் பிள்ளைகள் அந்தச் சுவரின் முன் நின்று புரிந்துகொள்ள வேண்டும். கணக்கு ஆசிரியர் இந்த அளவைகளை வைத்து ஒரு பயிற்சித்தாள் தயாரித்திருக்கிறார். அதைப் பயணத்துக்கு முன்பே வகுப்பில் செய்து பார்ப்போம்.

பிற்பகலில் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக்குப் போவோம். கோயிலின் உள்ளே நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. 36 அடி உயரமும் மூவாயிரம் கலம் கொள்ளளவும் உடைய அதைச் சுற்றுலாவாக வருவோரில் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. கல்வெட்டில் படித்த கலம் எவ்வளவு பெரியது என்பது அங்கே நிற்கும்போது பிடிபடும். அதன்பின் 1922 இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்வையிட அனுமதி கேட்டிருக்கிறோம்.

சனிக்கிழமை விடியும் முன்பே புறப்பட்டு வடுவூர் ஏரிக்குச் செல்வோம். இது பாசனத்துக்காக வெட்டப்பட்ட ஏரி. ஆற்றுநீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து அதை நிரப்பிய பிறகு கூழைக்கடாக்களும் அரிவாள் மூக்கன்களும் வாத்து வகைகளும் ஆயிரக்கணக்கில் வந்து சேர்வதால், 1999 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2022 இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. மனிதன் நெல்லுக்காகத் தேக்கிய நீரில் பறவைகள் வாழ்கின்றன. அவற்றில் பல பக்கத்து வயல்களிலும் இரை தேடுகின்றன. இயற்கையும் வேளாண்மையும் தனித்தனிப் பாடங்கள் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஏரிக்கரையைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

அங்கிருந்து மன்னார்குடி வட்டாரத்தில் ஒரு கிராமத்துக்குச் சென்று, சம்பா அறுவடையைப் பார்ப்போம். குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று நெல் சாகுபடிப் பட்டங்களைப் பற்றியும், வெள்ளத்தில் தாக்குப்பிடிக்கும் காட்டுயானம், உவர் நிலத்திலும் விளையும் குழியடிச்சான் போன்ற மரபு நெல் வகைகளைப் பற்றியும் விவசாயிகளே பிள்ளைகளிடம் பேசுவார்கள். இவ்வகை விதைகளைத் தேடிச் சேர்த்து, வாங்கிய அளவைவிடக் கூடுதலாகத் திருப்பித் தரும் ஏற்பாட்டுடன் விவசாயிகளிடையே பரப்பிய நெல் ஜெயராமன் இந்த மண்ணைச் சேர்ந்தவர். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தையும் காட்டச் சொல்லியிருக்கிறேன். நெல்லின் ஈரப்பதம் பதினேழு விழுக்காட்டைத் தாண்டினால் மூட்டை எடுக்கப்படாது என்பதும், அந்த ஒரு விதிக்காகக் குடும்பமே களத்தில் நெல்லைக் காய வைத்து, மேகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அப்படி எடுக்கப்பட்ட நெல்தான் சரக்கு ரயிலேறிப் பிற மாவட்டங்களுக்குப் போய், அரிசியாகி ரேஷன் கடைகளுக்கு வருகிறது.

மாலையில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் செல்வோம். கல்லணையில் பார்த்த வெண்ணாற்றின் கிளைகள் வயல்களைக் கடந்து கடைசியில் இந்தக் காயலில்தான் கலக்கின்றன. தண்ணீர் என்றதும் உங்களுக்கு அச்சம் வரும் என்பதை அறிவேன். உயிர்காப்பு உடை அணியாத ஒரு பிள்ளையும் படகில் ஏற மாட்டாது; காற்றோ மழையோ சற்று அதிகமானாலும் படகுப் பயணத்தைக் கைவிட்டுவிடுவோம். இதில் பிள்ளைகளின் கெஞ்சலுக்கு நான் இணங்கப் போவதில்லை.

அன்றிரவு வேதாரண்யத்தில் தங்கி, ஞாயிறு காலையில் கோடியக்கரை செல்வோம். 1967 இல் ஏற்படுத்தப்பட்ட அந்தச் சரணாலயத்தில் வெளிமான்கள் புல்வெளியில் திரிவதையும், உப்பங்கழியில் பூநாரைகள் வந்திருந்தால் அவற்றையும் காணலாம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. வேதாரண்யத்தில் 1930 ஏப்ரல் 30 அன்று இராஜாஜி தலைமையில் விடுதலைப் போராட்டத் தொண்டர்கள் ஆங்கிலேயரின் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ளிய இடத்தையும் பார்ப்போம். திருச்சியிலிருந்து நடந்து வந்த அந்தத் தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ தரக் கூடாது என்று அன்றைய தஞ்சை ஆட்சியர் எச்சரித்தபோது, ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். இந்த ஒரு செய்திக்காகவே அந்தச் சாலையில் சிறிது தூரம் பிள்ளைகளை நடக்கவைக்க எண்ணியிருக்கிறேன்.

திரும்பும் வழியில், சற்றுச் சுற்றுதான் என்றாலும், கீழ்வெண்மணி நினைவிடத்துக்குச் செல்கிறோம். இதைப் பற்றி உங்களிடம் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நெல்லில் கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் அனைவரும் தாழ்த்தப்பட்ட மக்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டத்தான் வேண்டுமா என்று ஆசிரியர்களிடையே நீண்ட நேரம் விவாதித்தோம். அரசன் அளந்த நெல்லைக் காட்டிவிட்டு, நாற்று நட்ட கைகளுக்கு எவ்வளவு அளக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால், வரலாற்றைப் பாதியாகக் கற்பித்தவர்களாவோம் என்பது என் முடிவு. வரலாற்று ஆசிரியை முன்கூட்டியே வகுப்பில் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வார். பேருந்திலேயே இருக்க விரும்பும் பிள்ளையை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மாற்றுக் கருத்துள்ள பெற்றோர் என்னை நேரில் சந்தித்துப் பேசலாம்.

நபருக்கு ₹2,600 ஆகிறது. இரண்டு தவணைகளில் கட்டலாம். கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னாள் மாணவர்கள் பணம் தந்திருக்கிறார்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொன்னால் போதும், காரணம் கேட்கப்படாது, வேறு யாருக்கும் தெரியவும் வராது. பெண் பிள்ளைகளை நான்கு நாள் வெளியே அனுப்பச் சில வீடுகளில் தயங்குவீர்கள். உடன் வரும் ஆறு ஆசிரியர்களில் மூவர் ஆசிரியைகள். மாணவியர் தங்கும் தளத்திலேயே அவர்களும் தங்குவார்கள். ஆண் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு உங்கள் மகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கைப்பேசி கொண்டுவர வேண்டாம். ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்குள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி அனுப்புவோம். வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மருந்து இருந்தால், மருந்துச் சீட்டுடன் வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். விடியற்காலைப் பனிக்கு ஒரு கம்பளி உடையும், சேற்றில் நடக்க ஒரு பழைய செருப்பும், நூறு பக்கக் குறிப்பேடும் போதும். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கைப்பிடி கேழ்வரகு விதை கட்டிக் கொடுத்தனுப்புங்கள். மன்னார்குடிப் பக்கம் நமக்கு வயலைக் காட்டும் விவசாயிகளுக்கு நம் மண்ணின் விதையைக் கொடுத்துவிட்டு, அவர்களிடமிருந்து விதைநெல் வாங்கி வந்து பள்ளித் தோட்டத்தில் நாற்றுவிட்டுப் பார்க்கலாம் என்று மாணவர்களே முடிவு செய்திருக்கிறார்கள்.

முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக்கு விண்ணப்பித்துள்ளோம். அது கைக்கு வந்த பிறகே பயணம் உறுதியாகும். இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தைத் தாயோ தந்தையோ பாதுகாவலரோ கையொப்பமிட்டு ஜனவரி 5 ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அதே வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடைபெறும். ஞாயிறு இரவு பதினோரு மணியளவில் பேருந்து பள்ளிக்குத் திரும்பும். பிள்ளையை அழைத்துச் செல்ல வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்