மாஸ்கோவுக்குக் குடிபோகும் முன்

அன்புள்ள கதிர்,

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து மாஸ்கோ ஊரின் குற்ற விகிதம் என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து, அந்த வேலையே வேண்டாம் என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். 2022இல் அங்கே நான்கு மாணவர்கள் கொல்லப்பட்ட செய்தி அவர் மனதில் அப்படியே இருக்கிறது. அவரிடம் வாதாடாதே, கணக்கைக் காட்டு. கணக்குக்கு அவர் எப்போதும் மடங்குவார்.

அமெரிக்காவில் குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் பேருக்கு ஓராண்டில் எத்தனை என்பது. நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் லட்சத்துக்குத்தான் சொல்கிறது. அதற்காக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதே. எது வழக்காகப் பதிவாகிறது என்பதே இரு நாட்டிலும் வேறு. மாஸ்கோவின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 25,435. லட்சத்தில் கால்வாசி. ஆகவே அங்கே ஒரே ஒரு கொலை நடந்தாலும் விகிதம் 4 ஆகிவிடும். 2022 நவம்பர் 13 அன்று நான்கு உயிர் போனது, விகிதம் 15.7. அந்த ஆண்டு நாடு முழுவதுக்குமான விகிதம் 6.3தான். பட்டியலில் அந்த ஓராண்டை மட்டும் பார்ப்பவருக்கு மாஸ்கோ பயங்கரமான ஊராகத்தான் தெரியும். முந்தைய ஆண்டைப் பார்ப்பவருக்குப் பூஜ்யம் தெரியும். இரண்டுமே ஊரைச் சொல்லவில்லை.

சிறிய ஊருக்கு விகிதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார், அதுவும் எட்டு பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார். 2015 ஜனவரியில் மாஸ்கோவில் ஒரே ஆள் ஒரே நாளில் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றான். அதன்பின் 2022 நவம்பர் வரை கொலை இல்லை. 2015 முதல் 2022 வரை எட்டு ஆண்டு, இரண்டு சம்பவம், ஏழு உயிர். ஆண்டுக்குச் சராசரி 0.9க்கும் கீழே. விகிதமாக்கினால் 3.5 வரும். அதே ஆண்டுகளில் நாட்டின் விகிதம் ஏறத்தாழ 5க்கும் 7க்கும் இடையில் இருந்தது. 2022இல் கொன்றவன் அந்த ஊர்க்காரனும் அல்ல. எட்டு மைல் தள்ளி, வாஷிங்டன் மாநிலத்து புல்மன் ஊரில் இருந்த ஆராய்ச்சி மாணவன். 2025 ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றுவிட்டான். அப்படிப்பட்டவனை எந்த விகிதமும் முன்கூட்டிக் காட்டாது, இது அப்பாவுக்கு ஆறுதலாக இருக்காது என்றாலும்.

அடுத்தது, வகை பிரித்துப் பார்ப்பது. வன்முறை என்ற தலைப்பில் கொலை, பாலியல் வன்கொடுமை, வழிப்பறி, கடுமையான தாக்குதல் நான்கும் சேரும். சொத்துக்குற்றம் என்ற தலைப்பில் வீடு புகுதல், சாதாரணத் திருட்டு, வாகனத் திருட்டு. 2024இல் நாட்டு அளவில் வன்முறை லட்சத்துக்கு 359, சொத்துக்குற்றம் 1,760. சொத்துக்குற்றத்தில் பெரும்பங்கு சாதாரணத் திருட்டு. கடையில் ஒருவன் சோப்பை ஜேப்பில் போட்டாலும் அதே கணக்கு. நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய கடை இருக்கும் ஊருக்குச் சுற்றுவட்டாரம் முழுதும் வந்துபோகும். திருட்டு அந்த ஊர்க் கணக்கில் ஏறும், வகுப்பதோ அங்கே குடியிருப்போர் எண்ணிக்கையால் மட்டும். அதனால் சின்ன ஊரின் சொத்துக்குற்ற விகிதம் வீங்கித் தெரிவது வழக்கம். நீ பார்க்கவேண்டிய ஒற்றை எண் வீடு புகுதல். அதன்பின் கடுமையான தாக்குதல்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய முறையில் ஒரே சம்பவத்தில் பல குற்றம் நடந்தாலும் பெரியது ஒன்றை மட்டும் எண்ணுவார்கள். நம் ஆவணக் காப்பகம் முதன்மைக் குற்ற விதி என்று சொல்வதும் இதே போக்குதான். புதிய முறையில் ஒரு சம்பவத்துக்குப் பத்துக் குற்றம் வரை பதிவாகும். 2021 ஜனவரி 1 முதல், நாட்டுக் குற்றக் கணக்கைத் தொகுக்கும் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. புதிய முறைக்கு முழுதாக மாறியது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய காவல்துறைகளே அந்த ஆண்டு விவரம் தரவில்லை. எனவே நாட்டு அளவிலான 2021 எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்யாதே. ஐடஹோ பல ஆண்டுகளாகவே புதிய முறையில் இருப்பதால் மாஸ்கோவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. மாநிலக் காவல்துறை ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத்தில் ஊர்வாரியாக எண்ணிக்கை கிடைக்கும், அதையே எடு. வண்ண வரைபடம் போட்டு ஊருக்கு மதிப்பெண் கொடுக்கும் தனியார் தளங்கள், விவரம் இல்லாத இடத்தை ஊகத்தால் நிரப்புவதுண்டு. ஊர்களை இப்படி வரிசைப்படுத்த வேண்டாம் என்று எஃப்.பி.ஐ.யே எச்சரிக்கிறது.

நீ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேரப்போவதால் உனக்கு இன்னொரு வழியும் உண்டு. 1990இல் வந்த கிளெரி சட்டப்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கடந்த மூன்று ஆண்டுக் குற்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் அக்டோபர் 1க்குள் வெளியிட வேண்டும். தினசரிக் குற்றப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். கடைசி 60 நாள் பதிவுகளை அலுவலக நேரத்தில் யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். ஆனால் இதன் எல்லை வளாகமும், அதை ஒட்டிய பொது இடங்களும், பல்கலைக்கழகமோ அதன் அங்கீகாரம் பெற்ற மாணவர் அமைப்போ வைத்திருக்கும் கட்டடங்களும்தான். வெளியே இருக்கும் வாடகை வீடுகள் இதில் வராது. 2022 சம்பவம் நடந்தது வளாகத்துக்கு வெளியே இருந்த அப்படி ஒரு வாடகை வீட்டில்தான். நீங்கள் பார்க்கும் அடுக்ககமும் வெளியேதான் இருக்கிறது. அதற்கு வேறு வழி: அந்த முகவரிக்குக் கடந்த இரண்டு ஆண்டில் காவலர்கள் எத்தனை முறை, எதற்காக அழைக்கப்பட்டார்கள் என்று ஊர்க் காவல்துறைக்குப் பொதுப்பதிவுக் கோரிக்கை எழுது. ஐடஹோ சட்டப்படி குறிப்பிட்ட கெடுவுக்குள் பதில் வரவேண்டும். பட்டியல் முழுக்க இரவுக் கூச்சல் புகாராக இருந்தால் அது மாணவர் கூத்து, உனக்குத் தூக்கம் கெடும், அவ்வளவுதான். கார் கண்ணாடி உடைப்பும் வீடு புகுதலும் திரும்பத் திரும்ப வந்தால் வேறு இடம் பார்.

பதிவான எண் நடந்த எண்ணைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள். அங்கே வீடுவீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்பு, வன்முறைக்கு ஆளானவர்களில் பாதிப்பேர்கூடக் காவல்துறைக்குப் போவதில்லை என்கிறது. சொத்துக்குற்றத்தில் சுமார் மூன்றில் ஒருவர்தான் போகிறார். போனாலும் வீடு புகுந்த வழக்குகளில் ஆள் பிடிபடுவது சுமார் ஏழில் ஒன்றுதான். இருந்தாலும் புகார் கொடு. புகார் எண் இல்லாமல் காப்பீட்டுப் பணம் கிடைப்பது கடினம்.

இனி வீட்டுக் கதவு. அமெரிக்கக் கதவு பெரும்பாலும் உதைத்துத் திறக்கப்படுவது. அப்போது பிளப்பது பூட்டு அல்ல, நிலை. தாழ் போய் நுழையும் அந்தச் சின்ன இரும்புத் தகட்டை முக்கால் அங்குலத் திருகாணியில் மாட்டியிருப்பார்கள், அது மேலே ஒட்டிய மெல்லிய பலகையை மட்டும் பிடித்திருக்கும். அதைக் கழற்றி மூன்று அங்குலத் திருகாணி நான்கு போட்டால் உள்ளே இருக்கும் சட்டக்கட்டை வரை இறங்கிப் பிடிக்கும். செலவு ஐந்து டாலர்கூட ஆகாது. கீலில் நடுவில் உள்ள திருகாணிகளையும் அப்படியே மாற்று. தாழ் ஓர் அங்குலம் முழுதாக வெளியே வருகிறதா பார். தகட்டின் ஓட்டை ஆழமில்லாமல் இருந்தால் பாதியிலேயே நின்றுவிடும், பூட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாய். உள்பக்கமும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு வேண்டாம், தீப்பிடித்தால் புகையில் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. நகரும் கண்ணாடிக் கதவு இருந்தால் கீழ்த்தடத்தின் நீளத்துக்கு ஒரு மரக்கம்பை அறுத்துப் படுக்கவை. ஆனால் கதவைத் தூக்கியே கழற்றிவிடலாம், எனவே மேல் தடத்தில் இரண்டு திருகாணியைத் தலை சற்று நீட்டியபடி முடுக்கு. மாஸ்கோ மேடுபள்ளமான ஊர், பாதி நிலத்தடியில் இருக்கும் படுக்கையறைகள் கிடைக்கும், வாடகையும் குறைவு. அந்த ஜன்னலைத் திருடனுக்குப் பயந்து ஆணியடித்து மூடிவிடாதே, தீ விபத்தில் அதுதான் வாசல். முந்தைய குடித்தனக்காரர்களிடம் சாவி இருக்கும். பூட்டின் உட்பகுதியை மாற்றித் தருவதாகவும், திருகாணி மாற்ற அனுமதிப்பதாகவும் வீட்டுக்காரரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கு. வாய்வார்த்தை போதாது. இவ்வளவும் செய்துவிட்டுக் கதவைப் பூட்டாமல் போகும் வழக்கம் சின்ன ஊர்களில் உண்டு. அக்கம்பக்கத்தார் அப்படி இருக்கிறார்கள் என்று நீங்களும் பழகிவிடாதீர்கள்.

மலரிடம் நகையைப் பற்றி நானே பேசுகிறேன், இருந்தாலும் நீ தெரிந்துகொள். நம்மவர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்குத் தெரியும். இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளையே தேடிப்போய்க் கொள்ளையடித்த ஒரு கும்பலுக்கு மிச்சிகனில் தண்டனையே கிடைத்திருக்கிறது. குடியிருப்போர் காப்பீட்டில் நகைத் திருட்டுக்குப் பெரும்பாலும் மொத்தமே 1,500 டாலர் உச்சவரம்பு. ஒரு ஜோடி வளையலுக்குக்கூடக் காணாது. கூடுதலாக வேண்டுமென்றால் ஒவ்வொரு நகையையும் மதிப்பீட்டுச் சான்றோடு தனியாகச் சேர்க்கவேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். வங்கி லாக்கரில் வைத்தாலும், வைப்புத்தொகைக்கு இருக்கும் அரசுக் காப்புறுதி லாக்கர் பொருளுக்குக் கிடையாது. தாலிச்சங்கிலியும் தினம் போடுவதும் போதும், மற்றது இங்கேயே இருக்கட்டும்.

கார் வாங்கும்போது ஒன்று. சாவியைத் திருகி ஓட்டும் கியா, ஹூண்டாய் கார்களில் 2011 முதல் 2021 வரை வந்த பல மாதிரிகளுக்குத் திருட்டுத் தடுப்புச் சில்லு இல்லை. பழைய கார் எடுத்தால் வண்டி எண்ணை நிறுவனத்திடம் கொடுத்து மென்பொருள் திருத்தம் செய்தாகிவிட்டதா என்று கேள், 2023 முதல் இலவசமாகச் செய்கிறார்கள். பனிக்காலத்தில் காரைச் சூடேற்ற எஞ்சினை ஓடவிட்டு, சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போகாதே. சைக்கிளை யு வடிவப் பூட்டில் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டு, வரிசை எண்ணைப் படம் எடுத்துவை.

இந்தப் பட்டியலிலேயே வராத ஆபத்து சாலை. 2022இல் அமெரிக்காவில் கொலையுண்டவர்கள் சுமார் 21,000, சாலையில் இறந்தவர்கள் சுமார் 42,500. நாட்டுப்புறச் சாலைகளின் பங்கு அங்கே வசிக்கும் மக்களின் பங்கைவிட மிக அதிகம். மாஸ்கோவைச் சுற்றி எல்லாமே நாட்டுப்புறச் சாலைதான். கறுப்புப் பனி, அந்தி நேரத்தில் குறுக்கே பாயும் மான். அப்பா உண்மையில் பயப்படவேண்டியது இதற்கு. இதை அவரிடம் சொல்லாதே.

காவலர் வண்டி பின்னால் விளக்குப் போட்டால் வலப்பக்கம் ஒதுங்கி நிறுத்து. நம் ஊரில் மரியாதைக்கு இறங்கிப்போய்ப் பேசுவோம். அங்கே இறங்குவதே தாக்க வருவதாகப் படும். உள்ளேயே இரு, இரவானால் உள்விளக்கைப் போடு, இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் இருக்கட்டும். உரிமத்தைக் கேட்டபின், அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு மெதுவாக எடு. ஐடஹோவில் உரிமம் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, அதனால் காவலர் எந்தக் காரிலும் துப்பாக்கி இருக்கலாம் என்றே வருவார். உன் விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது, சில விலக்குகள் தவிர, மத்தியச் சட்டப்படி குற்றம். சுடும் பயிற்சிக்கு வா என்று சக ஊழியர் அன்போடு கூப்பிடுவார். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் கையில் தொடாதே.

அவசர உதவி எண் 911க்கு அழைத்தால் முதலில் முகவரி, அதுவும் ஊரும் மாநிலமும் சேர்த்து. மாநில எல்லை ஊர்களில் செல்பேசி அழைப்பு அடுத்த மாநில மையத்துக்குப் போகலாம். தவறி அழைத்துவிட்டால் துண்டிக்காதே, தவறு என்று சொல்லிவிட்டு வை. துண்டித்தால் திருப்பி அழைப்பார்கள், ஆளும் வரலாம்.

இங்கே டிஜிட்டல் கைது என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் அண்ணன் தம்பிகள் அங்கே குடியேற்றத் துறை என்று பேசுவார்கள். திரையில் காவல்துறை எண்ணே தெரியும், அதைப் போலியாகக் காட்டலாம். பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல் என்று எந்த அரசு அலுவலகமும் கேட்காது. உங்கள் இருவருக்கும் நேரக்கூடிய குற்றங்களில் இதற்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். நீ அனுப்பிய விகிதத்தில் இது எண்ணப்படுவதும் இல்லை.

ஒப்பந்த நகல் வந்ததும் கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்பு. பூட்டு, திருகாணி, காப்பீடு பற்றிய வரிகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அப்பாவுக்கு அந்த எட்டு ஆண்டுக் கணக்கை நீயே ஃபோன் போட்டுச் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

அன்புடன்,
அம்மா