உப்புவெளி இளையோர் மண்டபத்துக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புக்குரியவர்களே,

மண்டபம் திறந்து ஒரு மாதமாகிறது. நேற்று மாலை ஆறரை மணிக்கும் திண்ணையில் பெண்பிள்ளைகள் ஒன்பது பேர் இருந்து கரம் விளையாடினார்கள். அதைக் கண்ட மகிழ்ச்சியோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி அந்தப் பிள்ளைகளுக்கே. முதல் வரைபடத்தில் கழிப்பறை வளவின் பின்மூலையில், மதிலோரமாக இருந்தது. பெரியவர்கள் எங்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. ரியூசன் முடிந்து வந்த ஒரு பிள்ளைதான் அந்த மூலையில் விரலை வைத்து, "இருட்டினால் இங்கே யார் போவது?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டைப் பிள்ளைகளின் உரிமை என்கிறது. தம்மைப் பற்றிய விடயங்களில் அவர்களுடைய கருத்தைக் கேட்கச் சொல்லும் 12ஆம் உறுப்புரையும் அதிலேயே இருக்கிறது. நாங்கள் அதைப் பிந்தித்தான் நினைத்தோம்.

கட்டடக் கலைஞர் அக்கா, நீங்கள் முகம் சுளிக்காமல் புதுத்தாள் எடுத்தீர்கள். கழிப்பறை முன்வாசலுக்குப் பக்கத்தில், விளக்கின் கீழே வந்தது. வீதியோர மதிலை இடுப்பளவுக்குக் குறைத்தீர்கள். போகிற வருகிற தாய்மார் உள்ளே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கலாம். 18 மீற்றர் நீளக் கரப்பந்தாட்டத் திடலை வடக்குத் தெற்காகத் திருப்பினீர்கள். அந்திவெயில் எந்த அணியின் கண்ணிலும் நேராக அடிப்பதில்லை. மேற்கே நின்ற வேம்பை வெட்ட விடாமல் காத்ததற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கச்சான் காற்று அனல் வீசிய நாட்களில் எல்லோரும் அதன் நிழலில்தான் ஒதுங்கினோம்.

மேசன் ஐயா, மாரி வெள்ளத்துக்கு அஞ்சித் தரையை ஒன்றரை அடி உயர்த்தினோம். சாய்தளம் முதலில் செங்குத்தாக அமைந்துவிட்டது. சக்கர நாற்காலியில் வந்த தம்பி பாதியில் நின்றுபோனதைப் பார்த்த நீங்கள், மறுநாளே அதை உடைத்து, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் 18 அடிக்குக் கட்டித் தந்தீர்கள். அதற்குக் கூலியும் வாங்கவில்லை. இப்போது அந்தத் தம்பி யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் உள்ளே வருகிறான்.

பந்து வீதிக்குப் போகாமலிருக்கப் பழைய வலைகளைத் தந்து கட்டியும்விட்ட கடற்றொழிலாளர் அண்ணாமாருக்கும், சுவருக்கு நிறம் பூசிய அடுத்த ஒழுங்கைச் சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

மாரி தொடங்குமுன் கடற்பக்கத் திண்ணைக்குக் கிடுகுத் தட்டி கட்ட வேண்டும். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறோம். நீங்களும் வாருங்கள்.

மண்டபக் குழுவின் சார்பில்,
உப்புவெளி, திருகோணமலை