ஒரு வருஷம் தொடாத பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நான் படித்ததோடு போயிருந்தால் பரவாயில்லை, என் மருமகளும் படித்தாள், படித்துவிட்டு நேராகப் போய் என் திவான் கட்டிலுக்கு முன்னால் நின்றாள். 'ஒரு வருஷமாகக் கை படாத பொருள் உங்களுக்கு வேண்டாத பொருள்' என்று போட்டிருந்தீர்கள் அல்லவா, அந்தக் கட்டிலுக்குள்தான் எங்கள் வீட்டுக் கொலு பொம்மைகள் இருக்கின்றன.

மருமகள் மேல் தப்பு இல்லை. இரண்டு படுக்கையறை, ஐந்து பேர், வேலைக்கும் போய்விட்டு வீட்டையும் பெருக்கித் துடைப்பவளுக்கு இடத்தின் அருமை தெரியும். கட்டுரையில் பாதியை நானும் ஒப்புக்கொண்டு அன்றைக்கே செய்தேன். மோட்டார் எரிந்த இரண்டு மிக்ஸி, மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள், கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் (எண்ணவில்லை, எண்ணினால் வெட்கமாக இருக்கும்), எல்லாம் வெளியே போயின. ஆனால் அந்த ஒரு வருஷக் கணக்கு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

நம் வீடுகளில் பாதிச் சாமான் வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வருவதற்காகவே இருப்பவை. கார்த்திகை அகல் கார்த்திகைக்குத்தான் வரும். பொங்கல் வெண்கலப் பானையில் தினம் சாதம் வடிப்பார் உண்டா? கொழுக்கட்டை அச்சு, வடாம் காயப்போடும் பழைய வேஷ்டி, தீபாவளிக்கு இறங்கும் பெரிய முறுக்கு நாழி என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவை எல்லாம் பதினோரு மாதம் தூங்கும், அது சோம்பேறித்தனம் இல்லை, அவற்றின் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். பதினோராவது மாதம் ஒருவர் வந்து இது தேவையா என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்?

ஸ்ரீரங்கத்தில் இருந்த ஓட்டு வீட்டை விட்டு 2011-ல் திருச்சியில் இந்த அடுக்குமாடிக்கு வந்தோம். அங்கே மரப்பலகை போட்ட பரண், ஏணி சாத்தி ஏறினால் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். இங்கே கட்டியவர் பரண் என்று கொடுத்திருப்பது குளியலறைக்கு மேலே. மாமியார் அப்போது இருந்தார். நிமிர்ந்து பார்த்தார், "பெருமாளைக் கொண்டுபோய் அங்கேயா வைக்கப் போறே?" என்றார், அதோடு சரி. அந்தப் பரணில் இப்போது சூட்கேசுகள் இருக்கின்றன. பெருமாள் கட்டிலுக்குள், நான் அதன் மேல் படுத்துத் தூங்குகிறேன். இது மட்டும் முறையா என்று அவரும் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

வீடு மாற்ற வந்தவர்கள் 'பொம்மைதானே' என்று ஒரு பெட்டியைப் பொத்தென்று இறக்கியதில் கல்யாண செட்டின் நாதஸ்வரக்காரர் போய்விட்டார். பிறகு மதுரைக்குப் போனபோது விளாச்சேரியில் ஒருவரைப் பிடித்து வந்தோம், வந்து நிற்க வைத்தால் மாப்பிள்ளையைவிட ஒரு தலை உயரம். இப்போது தவில்காரர் ஒரு படியில், நாதஸ்வரக்காரர் அதற்குக் கீழ்ப்படியில். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

ஒழுங்கு என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது மாமியாரின் நாற்பது பக்க நோட்டில். 'பெட்டி 1: மரப்பாச்சி ஜோடி, கலசச் சொம்பு, படித்துணி' என்று ஆரம்பிக்கும். முதல் நாள் முதலில் வேண்டியவை முதல் பெட்டியில், அமாவாசை அன்று மரப்பாச்சியை எடுத்து வைத்தாகிவிட்டால் மற்றதை நிதானமாக அடுக்கலாம் அல்லவா. 'பெட்டி 2: தசாவதாரம் 10. வாமனர் குடை தனியாகத் தீப்பெட்டியில்.' அந்தத் தீப்பெட்டி இன்னும் இருக்கிறது, குடையை எடுத்து அவர் கையில் இருக்கும் ஓட்டையில் செருக வேண்டும், அது என் பேரன் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது. கிருஷ்ணருக்குப் புல்லாங்குழல் எப்போதோ உடைந்துவிட்டது, ஊதுபத்திக் குச்சியை ஒடித்து வைக்கிறோம். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறார், 'குச்சி வருஷா வருஷம் புதுசு' என்று. ராமர் பட்டாபிஷேகத்துக்கு நேராக '1968, பெரியவன் பிறந்த வருஷம்' என்று இருக்கும். எங்கள் வீட்டில் குடும்ப வரலாறு என்று எழுத்தில் இருப்பது அந்தப் பெட்டிக் கணக்கு மட்டும்தான்.

அப்புறம் ஒரு விஷயம், இது உங்களுக்குப் பிடிக்கும். பொம்மைகளைச் சுற்றுவது பழைய பேப்பரில்தானே. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பிரிக்க உட்கார்ந்தால் பாதி நேரம் படிப்பதில் போய்விடும். மாமியாரின் ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்திருப்பது 1975 அக்டோபர் பேப்பர், காமராஜர் மறைந்த செய்தி, தொட்டால் உதிரும், அதனால் நாங்கள் அதை எடுப்பதே இல்லை. ஆண்டாள் மேல் சுற்றியிருப்பது 2004 அக்டோபர், வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி. அதைப் பிரித்த பேரன், "யாரு பாட்டி இவரு, இவ்ளோ பெரிய மீசை?" என்று கேட்க, அன்று படி கட்டி முடிக்கும்போது ராத்திரி மணி பத்து. வெண்ணெய்க் கிருஷ்ணருக்கு 2014 செப்டம்பர், மங்கள்யான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்த செய்தி. கிழியாத தாளை மறுபடியும் அதே பொம்மைக்கே சுற்றுவது எங்கள் வழக்கம்.

ஆனால் நேராகப் பேப்பரைச் சுற்றக்கூடாது. மை ஒட்டிக்கொள்ளும், எங்கள் சரஸ்வதியின் வெள்ளைப் புடவையில் ஒரு வரி தலைகீழாக இன்னும் தெரிகிறது. முதலில் பழைய பருத்தி வேஷ்டித் துண்டு, அதற்கு மேல் பேப்பர். நானும் ஒரு வருஷம் நாகரிகமாக இருக்கட்டும் என்று குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் ஒட்டி வைத்தேன். விஜயதசமி முடிந்து நாம் பொம்மையைக் கட்டும் நேரம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம், ஈரக்காற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டேன் போலிருக்கிறது, அடுத்த வருஷம் பிரித்தபோது லட்சுமியின் கன்னத்து வர்ணம் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. இப்போது ஒரு நாள் முழுக்க ஃபேனுக்கு அடியில் வைத்த பிறகுதான் கட்டுவது, மூலைக்கு ஒரு துண்டு வசம்பு துணியில் முடிந்து போடுவது.

குறைக்க வேண்டுமானால் வேறு இடத்தில் குறைக்கலாம். வெற்றிலை பாக்கோடு ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுக்கும் பழக்கம் எப்போது வந்தது? ஒன்பது நாள் முடிந்தால் வீடு முழுக்க டப்பா. ரவிக்கைத் துணியோ ஊரையே சுற்றி வருகிறது, நான் கொடுத்த ஒன்று மூன்று வருஷம் கழித்து அதே மஞ்சள் கறையோடு என்னிடமே வந்தது, சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டைவிட இரண்டு படி கூட வைக்க வேண்டும் என்று வருஷம் நாலு செட் வாங்குவதும் எனக்குப் பிடிக்காது. நாங்கள் ஒன்பது படியிலிருந்து ஐந்துக்கு வந்துவிட்டோம், கூடம் அவ்வளவுதான். நிற்க இடம் இல்லாதவர்களை, கோயிலில் கொலு வைக்கிறார்கள், அங்கே கொடுத்தோம். சுண்டல் மட்டும் குறையவில்லை.

மருமகள் கடைசியில் என்ன செய்தாள் தெரியுமா? நோட்டைக் கேட்டாள். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துத் தன் போனில் வைத்துக்கொண்டாள், ஒவ்வொரு பெட்டியின் மேலும் பெரிய எழுத்தில் நம்பர் ஒட்டினாள், இரண்டு பெட்டியில் இருந்ததை ஒன்றில் அடக்கிவிட்டாள். அந்த வகையில் உங்கள் கட்டுரைக்கு நன்றி. அடுத்த முறை எழுதுகிறவரிடம் சொல்லி, வருஷத்துக்கு ஒரு முறை வரும் சாமானைச் சின்ன வீட்டில் எப்படிக் காப்பாற்றுவது என்றும் ஒரு பக்கம் போடுங்கள்.

கட்டுரை வந்த தாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வருஷம் செட்டியார் பொம்மைக்குத் தாள் மாற்ற வேண்டும், அளவு சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி ஒருத்தி,
திருச்சி